இருக்கிற ஃபைலை 'இல்லை' என்கிறதா தேடல்?

கணினி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது பத்திரம் எழுதும் அலுவலகம். பழைய பத்திர நகல், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான டிஸ்க் பெட்டி) போட்டு, அதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் இசட் டிரைவாக வைத்திருக்கிறோம். விண்டோஸில் இசட் டிரைவைத் திறந்து தேடல் கட்டத்தில் பெயரைப் போட்டால் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. பார்ட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ஒன்றும் இல்லை என்று வருகிறது. ஆனால் ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பார்த்தால் அதே ஃபைல் இருக்கிறது. பெட்டி கெட்டுவிட்டதா?
- வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: பெட்டி கெடவில்லை, கவலைப்படாதீர்கள். வேகமாகத் தேட விண்டோஸ் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது, அதுதான் இண்டெக்ஸ். அந்த அட்டவணையில் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கில் உள்ளவை மட்டும்தான் ஏறும். இசட் டிரைவ் என்று பெயர் வைத்திருந்தாலும் அது கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டர். இண்டெக்சிங் ஆப்ஷன்ஸில் போய் அதைச் சேர்க்கப் பார்த்தாலும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாது. அட்டவணை இல்லாததால் தேடும் ஒவ்வொரு முறையும் முதல் ஃபோல்டரிலிருந்து கடைசி ஃபோல்டர் வரை நெட்வொர்க் வழியாகத் திறந்து திறந்து பார்க்கிறது, பச்சைக் கோடு நகர்வது அதனால்தான்.

முதலில் ஒரு டிக்கைப் பாருங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஆப்ஷன்ஸ், அதில் சர்ச் என்ற பக்கம் (விண்டோஸ் 10 என்றால் வியூ மெனுவில், 11 என்றால் மேலே உள்ள மூன்று புள்ளியில்). அங்கே ஃபைல் பெயரோடு உள்ளடக்கத்தையும் எப்போதும் தேடு என்கிற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் பெயரைப் பார்த்ததோடு நிற்காது, ஃபைலுக்குள்ளும் படிக்கப் போகும். பெட்டியில் 400 ஜிபி இருக்கிறது, ரவுட்டரின் போர்ட் பழைய 100 எம்பிபிஎஸ் வகை என்று வையுங்கள். நொடிக்கு 12 எம்பிக்கு மேல் போகாது, அவ்வளவையும் இழுத்துப் பார்க்கவே 9 மணி நேரம் ஆகும். அதே பெட்டியை அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் சுவிட்சில், அதற்கேற்ற கேட் 5இ கேபிளில் போட்டால் சுமார் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். உங்களுடையவை ஸ்கேன் படங்கள் என்பதால் உள்ளே படித்தாலும் அங்கே எழுத்து என்று எதுவும் இல்லை, வீண் வேலை.

ஆனால் இதெல்லாம் தாமதத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சரியான வழி, தேடுகிற வேலையையே பெட்டியிடம் விட்டுவிடுவது. ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கேயே அட்டவணையும் இருக்கட்டும். சினாலஜி பெட்டி என்றால் அதில் யுனிவர்சல் சர்ச் என்ற பேக்கேஜ் (கூடுதல் மென்பொருள்), க்யூநாப் என்றால் க்யூசர்ச். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் அதைப் போட்டு, எந்தெந்த ஃபோல்டரை அட்டவணையில் ஏற்ற வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். நிறையப் பேர் பேக்கேஜைப் போட்டுவிட்டு ஃபோல்டரைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், அப்புறம் இதுவும் தேட மாட்டேன் என்கிறது என்று எழுதுகிறார்கள். முதல் தடவை அட்டவணை போட ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம், அதுவரை டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும். பல பெட்டிகளின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரைதான் வேலை செய்யும் என்று போட்டிருக்கிறது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாததில்லை. கத்திரி சமயத்தில் மூடிய அலமாரிக்குள் வைத்து இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள், ஃபேன் காற்று படுகிற இடத்தில் வெளியே எடுத்து வையுங்கள், யுபிஎஸ்ஸிலும் இருக்கட்டும். அதற்குப் பிறகு பிரவுசரில் பெட்டியின் முகவரியைத் திறந்து அங்கே தேடினால் நொடியில் வரும்.

இன்னொன்றும் பாருங்கள். இசட் டிரைவுக்கு எந்த யூசர் பெயரில் உள்ளே போகிறீர்கள்? ஒரு ஃபோல்டருக்கு அந்தப் பெயருக்கு அனுமதி இல்லையென்றால் தேடல் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஃபைல் கைக்குக் கிடைத்தது ஒரு கம்ப்யூட்டரில், தேடியது வேறொன்றில் என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

கடைசியாக, இது கம்ப்யூட்டர் சங்கதி இல்லை, ஊர் சங்கதி. உங்கள் ஃபோல்டர்களுக்கு மாவட்டத்தின் பெயர் வைத்திருந்தால் கவனமாக இருங்கள். 1989க்கு முந்தைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். அந்த ஆண்டு மாவட்டத்தைப் பிரித்தபோது அம்பேத்கர் பெயரும் சேர்ந்தது, பிறகு அது வேலூர் ஆனது, 2019இல் அதுவும் மறுபடி பிரிந்தபோது வாலாஜா பகுதி ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஒரே கிராமத்து நிலம், நான்கு மாவட்டப் பெயர். வேலூர் என்று தேடினால் மூலப்பத்திரம் எப்படி வரும்? ஃபைல் பெயரில் கிராமம், சர்வே எண், பத்திர எண், ஆண்டு இந்த நான்கும் இருக்கட்டும், மாவட்டம் வேண்டாம். மூலப்பத்திரம் கிடைக்காமல் ஒரு கிரயம் தள்ளிப்போனால் அந்தக் குடும்பம் படுகிற பாடு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி: நாஸில் 'போளூர் கிளை' என்று தமிழிலேயே பெயர் வைத்த ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. அதே பெயரைத் தட்டித் தேடினால் வரவில்லை. என் தம்பி கம்ப்யூட்டரில் தட்டினால் வருகிறது. எப்படி?
- வாசகி, ஆரணி

பதில்: 'போ' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ப-வுக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைப்பது இன்னொன்று. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு தரும் பொதுமுறையான யூனிகோடின் விதிப்படி இரண்டும் சமம்தான், ஆனால் விண்டோஸின் ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ்ஸோ நாஸ் பெட்டிகளில் இருக்கும் லினக்ஸ் ஃபைல் முறையோ அப்படிச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை, குறியீடு வேறு என்றால் பெயரும் வேறு. ஒரே ஃபோல்டரில் அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு ஃபைல் எங்காவது கண்ணில் பட்டால் இதுதான் காரணம் என்று முடிவு பண்ணிக்கொள்ளலாம். உங்கள் கீபோர்டு மென்பொருள் ஒரு விதமாகவும் தம்பியுடையது இன்னொரு விதமாகவும் எழுதுகின்றன போலிருக்கிறது. கொ, கோ, கௌ வரிசை எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

ஸ்ரீ இன்னும் மோசம். அதில் வரும் முதல் எழுத்துக்கு இரண்டு குறியீடு இருக்கிறது, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே ஸ்ரீயாகத்தான் தெரியும், இங்கே யூனிகோடு விதியும் அவற்றைச் சமம் என்று சொல்வதில்லை. ஸ்ரீபுரம் என்று ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் 'புரம்' என்று மட்டும் தேடுங்கள். அதே மாதிரி நீங்களும் சிக்கலான எழுத்தை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டு 'ளூர்' என்று தேடிப் பாருங்கள், போளூர் வந்துவிடும். அப்புறம் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே தமிழ் கீபோர்டுக்கு, தமிழ் 99 என்றால் தமிழ் 99 என்று, மாறிவிடுங்கள். பழைய ஃபைல்களின் பெயரைச் சமயம் கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எவ்ரிதிங் என்ற இலவசத் தேடல் மென்பொருளைப் போட்டேன். என் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறது. நாஸில் காலையில் சேமித்த ஷூ ஆர்டர் ஃபைல் மட்டும் மாலைவரை வருவதில்லை.
- வாசகர், ஆம்பூர்

பதில்: உள்ளே இருக்கும் டிஸ்க்கில் ஒரு ஃபைல் சேர்ந்தால் அதை விண்டோஸ் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது, எவ்ரிதிங் அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறது. நெட்வொர்க் ஃபோல்டருக்கு அந்தப் பதிவேடு கிடைக்காது, பெரும்பாலும் குறித்த நேரத்தில் முழுதாக ஒருமுறை சுற்றிவந்துதான் பட்டியலைப் புதுப்பிக்கும். ஆப்ஷன்ஸில் இண்டெக்சஸ், அதில் ஃபோல்டர்ஸ் பக்கம் போய் உங்கள் நாஸ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை மணிக்கு அல்லது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று வைக்கலாம். அவசரத்துக்கு அங்கேயே உடனே புதுப்பிக்கும் பட்டனும் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைக்காதீர்கள், நாலு கம்ப்யூட்டரில் எல்லோரும் அப்படி வைத்தால் பெட்டிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. காலை, மதியம் இரண்டு வேளை போதும்.

கேள்வி: பத்து வருஷத்துக்கு முந்தைய வேர்டு ஃபைல்கள், எல்லாம் பாமினி எழுத்துருவில். நாஸ் பெட்டியின் தேடலில் உள்ளே உள்ள வார்த்தை எதைப் போட்டாலும் வரவில்லை.
- வாசகர், குடியாத்தம்

பதில்: வராது, ஏனென்றால் அந்த ஃபைலுக்குள் தமிழ் இல்லை. அம்மா என்று திரையில் தெரிகிற இடத்தில் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். பாமினி அதற்குத் தமிழ் உருவம் மாட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றிச் சேமியுங்கள், பழையதை அழிக்காமல் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். அதுவரை அவசரம் என்றால் ஃபைலுக்குள் இருக்கும் எண்ணை வைத்துத் தேடுங்கள், பில் எண், தேதி, தொகை எதுவானாலும் சரி, எண்கள் மாறாமல் அப்படியே இருக்கும்.