சம்பளத்துக்கு ஒரு கழிவு, கமராவுக்கு இன்னொரு கழிவு என்று இல்லை

கேள்வி: வணக்கம் அண்ணா. கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 130,000 ரூபா, சேமலாப நிதி போகக் கையில் 119,600 வரும். சம்பளத்தில் வரி வெட்டுவதில்லை. சனி, ஞாயிறில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று கமரா வேலைக்குப் போகிறேன். பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு வரை ஓட்டம் இருக்கிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 14 இலட்சம் வருகிறது, பெரும்பாலும் கைக்காசு. அதுவும் 18 இலட்சத்துக்குக் கீழேதானே, வரி இல்லை என்று கூட்டாளி சொல்கிறான். உண்மையா? கமராவை 6 இலட்சம் கொடுத்து வாங்கினேன், அதில் பாதிக்கு மேல் கனடாவில் இருக்கிற அக்கா அனுப்பிய காசு.

பதில்: தம்பி, உங்கள் கூட்டாளி சொன்னதில் பாதிதான் சரி. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி போடாமல் கழித்துவிடும் தொகை, வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. ஆனால் அது ஒரு ஆளுக்கு ஒரு முறைதான். சம்பளத்துக்குத் தனியாக 18, கமராவுக்குத் தனியாக 18 என்று எடுக்க முடியாது. உங்கள் நிறுவனம் வரி வெட்டாததற்குக் காரணம், சம்பளம் மாதம் 150,000ஐத் தாண்டவில்லை என்பது மட்டும்தான். நீங்கள் சனிக்கிழமைகளில் என்ன உழைக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். சம்பளத்தைக் கையில் வருகிற 119,600ஐ வைத்துப் போடக்கூடாது. சேமலாப நிதிக்குப் போகிற 8 வீதமும் உங்கள் வருமானம்தான், அதை வரிக்காகக் கழிக்க இடமில்லை. ஆக, 130,000ஐ பன்னிரண்டால் பெருக்க 1,560,000. கமரா வருமானத்தை 1,440,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த முழுத்தொகைக்கும் வரி இல்லை, செலவு போக மிஞ்சுகிற இலாபத்துக்குத்தான். அல்பம் அச்சடிக்க 300,000, உதவிக்கு வருகிற பொடியனின் கூலி 180,000, பெற்றோல் 60,000 என்று போகட்டும். கமராவின் 6 இலட்சத்தை வாங்கிய வருடத்திலேயே முழுச் செலவாக எழுத முடியாது. ஐந்து வருடத்துக்குப் பிரித்து, வருடம் 120,000 கழிக்கலாம். எல்லாம் சேர்த்து 660,000 செலவு, இலாபம் 780,000.

சம்பளத்தையும் இலாபத்தையும் கூட்டினால் 2,340,000. 18 இலட்சம் கழிய மிச்சம் 540,000. முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம் என்பதால் உங்கள் வரி 32,400 ரூபா. பயப்படுகிற தொகை இல்லை. வேலை கூடி, நிவாரணம் போக மிஞ்சுவது 10 இலட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 18 வீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 24, 30 என்று ஏறி 36இல் நிற்கும். ஆறிலிருந்து ஒரே பாய்ச்சலில் பதினெட்டுக்குப் போவது சின்ன உழைப்பாளிக்குப் பாரம் என்பதுதான் என் எண்ணம். அதனால்தான் செலவுக் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கச் சொல்கிறேன்.

இங்கேதான் நம் பக்கத்தில் பலர் நட்டப்படுகிறார்கள். உழைப்புக்கும் சாட்சி இல்லை, செலவுக்கும் சாட்சி இல்லை. ஒரு கொப்பி போடுங்கள். திகதி, இடம், என்ன வேலை, முற்பணம், மீதி: இவ்வளவு போதும். 'புதுக்குடியிருப்பு, சாமத்திய வீடு, முற்பணம் 30,000, மீதி நெல் வெட்டு முடிய' என்று எழுதினால், மீதி வந்த நாளையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அல்பத்துக்குக் கடைப் பற்றுச்சீட்டு கிடைக்கும். பொடியனின் கூலிக்கு யாரும் பற்றுச்சீட்டு தரமாட்டார்கள், நீங்களே ஒரு வவுச்சர் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்குங்கள். மோட்டார் சைக்கிளில் வேலைக்கும் போவீர்கள், மனைவியின் வீட்டுக்கும் போவீர்கள். பெற்றோலில் கமரா வேலைக்கு ஓடிய பங்கை மட்டும் எழுதுங்கள்.

அக்கா அனுப்பிய காசு வருமானம் இல்லை. உடன்பிறப்பு கொடுத்த உதவி, அவ்வளவுதான். ஆனால் அதுவும் கலியாண வீட்டுக் காசும் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்தால், பிறகு எது எது என்று பிரித்துக் காட்டுவது பெரும் பாடு. கமரா வேலைக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறவுங்கள், கைக்காசையும் அதில் போடுங்கள். நிலையான வைப்பு ஏதும் இருந்தால் அதன் வட்டியும் மொத்த வருமானத்தில் சேரும். வங்கி அந்த வட்டியில் ஏற்கனவே வரியாக வெட்டிய 10 வீதத்தை உங்கள் வரியிலிருந்து கழிக்கலாம்.

ஏதாவது நிறுவனத்தின் நிகழ்வுக்குப் படம் எடுத்து, ஒரு மாதத்தில் 100,000க்கு மேல் கொடுத்தால் அவர்கள் அதில் 5 வீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு தரக்கூடும். அதற்கான சான்றிதழை உடனே கேட்டு வாங்குங்கள். அதுவும் உங்கள் வரியில் கழியும்.

கட்டுகிற முறை இதுதான். முதலில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் டின் இலக்கம், அதாவது வரி கட்டுபவருக்கான அடையாள இலக்கம், எடுங்கள். வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. சம்பளக்காரனுக்கு மாதாமாதம் வெட்டுவதுபோல உங்களுக்கு யாரும் வெட்டமாட்டார்கள், நீங்களே நான்கு தவணையில் கட்ட வேண்டும்: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. உங்கள் 32,400ஐப் பிரித்தால் தவணைக்கு 8,100. வருடம் முடிந்து சரியான கணக்கு வந்ததும் குறைவு ஏதும் இருந்தால் செப்டம்பர் 30க்குள் கட்டி, நவம்பர் 30க்குள் விவரத்திரட்டை, அதாவது அந்த வருட வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவத்தை, ஒப்படைக்க வேண்டும்.

வன்னியில் ஒரு சிக்கல் உண்டு. காலபோக வெட்டு முடிந்து மாசி, பங்குனியில்தான் சனத்தின் கையில் காசு புழங்கும், உங்கள் மீதிகளும் அப்போதுதான் வரும். ஆகஸ்ட், நவம்பர் தவணைகளின்போது கை வறண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு முற்பணமும் மீதியும் கைக்கு வருகிற அன்றே அதில் 3 வீதத்தை அந்தத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். 1,440,000க்கு 3 வீதம் 43,200. வரி கட்டியும் கொஞ்சம் மிஞ்சும்.

கிளிநொச்சிக்கு யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். நாளைக்கு வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால் எதைக் காட்டுவீர்கள்? கமரா உழைப்பைக் காட்டாமல் இருந்தால், 130,000 சம்பளத்துக்கு ஏற்ற கடன்தான் கிடைக்கும். மாதம் 65,000 இலாபம் தருகிற ஒரு தொழில் உங்களிடம் இருப்பதற்குக் கடதாசியில் அடையாளம் இருக்காது. இரண்டு, மூன்று வருட விவரத்திரட்டு கையில் இருந்தால் மேலாளரிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசலாம்.

ஏற்கனவே ஒன்றிரண்டு தவணை தவறிவிட்டது என்றால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று விடாதீர்கள். கட்டாத தொகைக்கு மாதம் 1.5 வீதம் வட்டி ஏறும், தண்டமும் வரலாம். 8,100க்கு மாதம் 121 ரூபா சொச்சம்தான், இப்போதே கட்டினால் சமாளிக்கலாம். அப்புறம், நியமனக் கடிதத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். வெளிவேலை செய்ய நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால், விவரத்திரட்டை ஒப்படைக்கும் முன் அந்த அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.