கத்திப் பட்டறைக்கு எந்த கான்டாக்ட் வீல்?

பெல்ட் கிரைண்டரில் ரப்பர் போர்த்திய பெரிய சக்கரம் ஒன்றின் மேல் பெல்ட் ஓடும். அதுதான் கான்டாக்ட் வீல். அலகை அதன்மேல் வைத்துத் தேய்த்தால் பக்கவாட்டில் உட்குழிவு விழும். கத்தி செய்யும் நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள பெல்ட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

8 அங்குலம், 10 அங்குலம், 14 அங்குலம் என்று விற்கிறார்கள். எதை வாங்குவது, ஐயா?

முதலில் நீங்கள் செய்யும் கத்தியை அளந்து பாருங்கள். வெட்டுவாயிலிருந்து சரிவு தொடங்கும் கோடு வரை எத்தனை மில்லிமீட்டர்? அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, சக்கர விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் ஒரு பக்கக் குழியின் ஆழம் கிடைக்கும்.

3 மி.மீ. தகடு, 25 மி.மீ. சரிவு, வாயில் 0.4 மி.மீ. கனம் விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தட்டையாகத் தேய்த்தால் சரிவின் நடுவில் 1.7 மி.மீ. கனம் இருக்கும். 200 மி.மீ. சக்கரம், அதாவது 8 அங்குலம், பக்கத்துக்கு 0.78 மி.மீ. தோண்டும். இரு பக்கமும் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 0.14 மி.மீ. வாயை விட நடு மெலிந்துபோன கத்தி அது. எலும்பில் பட்டால் மடங்கிவிடும். 250 மி.மீ. சக்கரத்தில் 0.45 மிஞ்சும். 350 மி.மீ. சக்கரத்தில் 0.8 மிஞ்சும். சரிவு 15 மி.மீ. மட்டும் என்றால் 8 அங்குலச் சக்கரத்திலேயே 1.1 மி.மீ.க்கு மேல் நிற்கும், கவலை இல்லை.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் 10 அங்குலம் வாங்குங்கள். சமையல் கத்தி மட்டும் செய்கிறவர் சக்கரமே வாங்க வேண்டாம். 40 மி.மீ. சரிவில் 14 அங்குலச் சக்கரம்கூடப் பக்கத்துக்கு 1.1 மி.மீ. தோண்டிவிடும். நல்ல தட்டையான பிளேட்டன், அதாவது பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் பின்பலகை, போதும். அந்தப் பணத்தைப் பெல்ட்டுகளில் போடுங்கள்.

ரப்பர் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்?

ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் 70. கார் டயரின் மேற்பரப்பும் ஏறக்குறைய இந்தக் கடினம்தான். 90க்குப் போனால் கோடுகள் கூர்மையாக வரும், ஆனால் கை சிறிது தடுமாறினாலும் அலகில் அது தெரியும். 50க்குக் கீழே உள்ளது மெருகேற்றும் வேலைக்கு மட்டும்.

குறுக்கே வரி வெட்டிய சக்கரம் நல்லதா, வழவழப்பானது நல்லதா?

வழவழப்பானது. வரிச் சக்கரம் கரடான பெல்ட்டில் வேகமாக இரும்பைத் தின்னும். ஆனால் மணல் எண் (கிரிட்) 400க்கு மேற்பட்ட நுண் பெல்ட்டில் அந்த வரிகளின் தடம் அலகில் விழக்கூடும்.

எனக்கு லேத் பட்டறை பழக்கம் உண்டு. நானே செய்துகொள்ளலாமா?

தாராளமாக. நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. அலுமினியக் கட்டையில் நடுத்துளையையும் பேரிங் இருக்கைகளையும் ஒரே பிடிப்பில், கட்டையைக் கழற்றாமல் கடையுங்கள். இரண்டு 6203 பேரிங் போதும், 17 மி.மீ. துளை, 40 மி.மீ. வெளிவிட்டம், ரப்பர் மூடி போட்டது. இரண்டின் உள்வளையங்களுக்கும் நடுவே ஒரு குழாய்த் துண்டு கட்டாயம். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் பாரம் குண்டுகள்மேல் ஏறி, பேரிங் சூடாகிச் சீக்கிரம் கெடும்.

ரப்பரை மட்டும் நீங்கள் ஒட்டாதீர்கள். பசை தடவிச் சுற்றிய டியூப் துண்டு வேகத்தில் பிய்ந்தால் முகத்துக்குத்தான் வரும். அச்சு இயந்திர ரோலருக்கு ரப்பர் போர்த்தும் பட்டறையில் கொடுத்து, வேகவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பேரிங்கைப் பொருத்தாமல் கொடுங்கள்; வேகவைக்கும் சூடு 140 டிகிரிக்கு மேல், கிரீஸும் மூடியும் தாங்காது. ரப்பரை 2 மி.மீ. கூடுதலாகப் போடச் சொல்லி, பேரிங் இருக்கையை மையமாகப் பிடித்து, சாணைக்கல்லால் தேய்த்து வட்டமாக்க வேண்டும். லேத் உளியில் ரப்பர் நழுவும், பிய்யும். பாலியூரித்தேன் என்றால் கூரிய உளியில் நன்றாகக் கடையலாம்.

கான்டாக்ட் வீலின் முகம் தட்டையாகவே இருக்கட்டும். நடு மேடு பெல்ட்டை நேராக ஓட்டும் டிராக்கிங் சக்கரத்துக்கு மட்டும்.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் சக்கரம் கடையலாமா?

வேண்டாம். கத்தியைத் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்கும் இடம் அது. ஈரம் குடித்து ஊதினால் வட்டம் போய்விடும்.

தேய்க்கும்போது கையில் தட்தட் என்று அடிக்கிறது. சக்கரம் கோணலா?

பெல்ட்டின் இரு முனைகளும் சேரும் ஒட்டாகவும் இருக்கலாம். வேகத்தைக் குறைத்துக் கவனியுங்கள். பெல்ட் ஒரு சுற்று வருவதற்குள் 10 அங்குலச் சக்கரம் இரண்டேகால் சுற்று சுற்றும். பெல்ட்டின் ஒரு சுற்றுக்கு ஓர் அடி என்றால் ஒட்டுதான்; பெல்ட்டை மாற்றுங்கள். அதைவிட அடிக்கடி என்றால், பெல்ட்டைக் கழற்றி, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் மறுபடி தேய்த்து வட்டமாக்க வேண்டும்.

விரல் பள்ளம் எடுக்க 25 மி.மீ. சின்னச் சக்கரம் போட்டேன். தொட முடியாத சூடு.

சூடாகத்தான் செய்யும். 2,880 சுற்று மோட்டாரில் 4 அங்குல ஓட்டுச் சக்கரம் பெல்ட்டை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் இழுக்கிறது. அதே பெல்ட்டில் 10 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,150 முறைதான் சுற்றும். உங்கள் சின்னச் சக்கரம் 11,000க்கு மேல் சுற்றும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி இருந்தால் வேகத்தை மூன்றில் ஒரு பங்காக்கி, இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள்.

திருப்பாச்சி அரிவாள் மாதிரி உள்வளைவு உள்ளதற்கு எந்தச் சக்கரம், அண்ணா?

அங்கே விட்டத்தை விட அகலம்தான் தொல்லை தரும், தம்பி. 50 மி.மீ. பெல்ட் உள்வளைவில் இரண்டு ஓரங்களில் மட்டும் பட்டுக் கோடு கிழிக்கும். 25 மி.மீ. அகலத்தில் ஒரு சக்கரம் கடைந்து, ஓரங்களை உருட்டி, அதே அகலப் பெல்ட்டைப் போடுங்கள். அரிவாளுக்குக் குழிவே ஆகாது, விறகையும் தென்னை மட்டையையும் வெட்டும் வாய்க்குப் பின்னால் சதை வேண்டும். ஆகவே சக்கரத்தில் கரடு வேலையை மட்டும் முடித்துவிட்டு, பின்பலகை இல்லாமல் தொங்கும் பெல்ட் பகுதியில் வாயைச் சற்றுப் புடைப்பாக எடுங்கள்.