குட்டி கடிக்குது, ராத்திரி அழுவுது, செருப்பைத் தின்னுது: வாசகர் கேள்வி பதில்

போன தடவை குட்டி நாய் வளர்க்கிறவங்க சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு சொல்லியிருந்தோம், நிறைய பேர் எழுதியிருக்கீங்க. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்து, முக்கியமானதுக்கு மட்டும் இங்க பதில் சொல்றேன்.

அக்கா, எங்க வீட்டுக்கு லாப்ரடார் குட்டி வந்து பத்து நாளாச்சு, இப்ப 10 வாரம். கையைக் காலைக் கடிச்சே தீர்த்துடுது. என் சின்னவனுக்கு 6 வயசு, கையெல்லாம் கீறல். சாயங்காலம் ஆனா பேய் பிடிச்ச மாதிரி வீடு முழுக்க ஓடுது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்குல ஒரு தட்டு தட்டுங்க, வாயை இறுக்கி மூடிப் பிடிங்க, அடங்கிடும்னு சொல்றார். செய்யலாமா?

வேண்டாம்மா, தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. மூக்குல தட்டினா குட்டி கத்துக்கிறது "கடிக்கக் கூடாது"ங்கிறதை இல்ல, "இந்தக் கை கிட்ட வந்தா வலிக்கும்"ங்கிறதைத்தான். நாளைக்கு அதே கையால காது சுத்தம் பண்ணணும், நகம் வெட்டணும், டாக்டர்கிட்ட பிடிச்சுக் கொடுக்கணும், அப்ப அது பயந்துபோய் நிஜமாவே கடிக்கும். இப்படி கெட்டுப்போன நாய்களை நான் நிறைய பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

மொதல்ல அது ஏன் கடிக்குதுன்னு பாருங்க. நமக்கு கை இருக்கு, ஒரு பொருளை தொட்டுப் பார்க்கிறோம், குட்டிக்கு வாய்தான் கை. அதோட 3 வாரத்துலயே பால் பல்லு முளைக்க ஆரம்பிச்சு மொத்தம் 28 வரும், ஒவ்வொண்ணும் ஊசி மாதிரி. 3, 4 மாசத்துலேர்ந்து அது விழ ஆரம்பிச்சு 6, 7 மாசத்துக்குள்ள 42 பல்லு வந்துடும். பல்லு மாறும்போது ஈறு குறுகுறுன்னு இருக்கும், அதனால இன்னும் கொஞ்ச நாள்ல கடிக்கிறது கூடினாலும் ஆச்சரியப்படாதீங்க. சுத்தமான துணியை நனைச்சு முறுக்கி ஃப்ரீசர்ல வச்சு, நீங்க பக்கத்துல இருக்கும்போது கொடுங்க, ஈறுக்கு இதமா இருக்கும்.

எவ்வளவு அழுத்தி கடிச்சா வலிக்கும்ங்கிறதை குட்டி கூடப் பிறந்ததுங்ககிட்டதான் கத்துக்கும். ஒண்ணு ஓவரா கடிச்சா இன்னொண்ணு கத்திட்டு விளையாட்டை விட்டுட்டு போயிடும். 8 வாரத்துக்கு முன்னாடி தாய்கிட்டேர்ந்து பிரிக்காதீங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். மிச்சப் பாடத்தை இப்ப நீங்க எடுக்கணும், அவ்வளவுதான். பல்லு தோல்ல பட்ட உடனே கையை வெடுக்குன்னு இழுக்காதீங்க, இழுத்தா அதுக்கு அது ஓடிப் பிடிக்கிற விளையாட்டு. அப்படியே அசையாம நிறுத்துங்க, பேச்சையும் நிறுத்துங்க, பக்கத்துல ஒரு பொம்மையோ கயிறோ இருந்தா அதை வாய்க்கு கொடுங்க, அதைக் கடிச்சா "ஆஹா நல்ல புள்ள"ன்னு விளையாட்டைத் தொடருங்க. திரும்பவும் கையையே தேடி வந்தா நீங்க எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய் 20, 30 செகண்ட் நின்னுட்டு வாங்க. திட்டவே வேண்டாம், நீங்க இல்லாம போறதே அதுக்குப் போதும். ஆனா வீட்டுல எல்லாரும் இதையேதான் செய்யணும், நீங்க நிறுத்துறீங்க, உங்க வீட்டுக்காரர் கையை விட்டு சண்டை விளையாட்டு விளையாடுறார்னா மாசக்கணக்குல ஆனாலும் நிக்காது.

இப்ப அந்த சாயங்காலப் பேய். என்கிட்ட வர்றவங்க முக்கால்வாசி பேர் கோட்டை விடுற இடம் இதுதான். இந்த வயசுக் குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரம், சில சமயம் 20 மணி நேரம் கூட தூங்கணும். வீட்டுல ஆள் நடமாட்டம், டிவி, பையன் ஸ்கூல் விட்டு வர்றதுன்னு அது தூங்காமலே இருந்துட்டு சாயங்காலம் தாங்க முடியாம போய் வெறி பிடிச்ச மாதிரி கடிக்குது. தூக்கம் வந்த குழந்தை எப்படி எதுக்கெடுத்தாலும் அடம் பிடிக்குமோ அதேதான், ஆனா நாம "எனர்ஜி ஜாஸ்தி, இன்னும் ஓட விடு"ன்னு நினைச்சு இன்னும் ஓட விடுறோம். ஒரே ஒரு நாள் பேப்பர்ல எழுதிப் பாருங்க, எப்ப எழுந்துச்சு, எப்ப தூங்குச்சுன்னு. முழிச்சு ஒரு மணி நேரம் ஆனதும் அமைதியான ரூம்லயோ, கூண்டுலயோ, தடுப்பு வச்ச மூலையிலயோ மெல்லுறதுக்கு ஏதாவது கொடுத்து விட்டுடுங்க, லைட்டைக் குறைச்சுடுங்க. ரெண்டு மூணு நாள்லயே பாதிக் கடி குறையும்.

பையன் விஷயம். அவன் கத்திட்டு ஓடினா குட்டிக்கு அதைவிட சூப்பர் பொம்மை கிடையாது. "மரம் மாதிரி நில்லு, கையைக் கட்டிக்கோ"ன்னு விளையாட்டாவே சொல்லிக் கொடுங்க. அவங்க ரெண்டு பேரையும் தனியா விடாதீங்க, அஞ்சு நிமிஷம் கூட. இன்னொண்ணு, குட்டிக்கு ஊசி இன்னும் முடிஞ்சிருக்காது. கீறலோ கடியோ தோல் கிழிஞ்சா உடனே ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க. நம்ம வீட்டுக் குட்டிதானேன்னு விடாதீங்க, ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது ஏறக்குறைய முடியாத காரியம், ஆனா நேரத்துக்கு ஊசி போட்டா வராமலே தடுத்துடலாம்.

மேடம், 3 மாசக் குட்டி. பேப்பர்லதான் உச்சா போகப் பழக்கினோம், ஆனா பாதி நேரம் சோபா ஓரத்துல போயிடுது. திட்டினா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓரக்கண்ணால பார்க்குது. அப்போ தப்புன்னு தெரிஞ்சேதானே பண்ணுது, என் மனைவி இல்லங்கிறாங்க.

உங்க மனைவி சொல்றதுதான் சரி. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு நாய்களோட புத்தியைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க, 2009ல வெளியான அவங்க ஆய்வுல இதையேதான் சோதிச்சாங்க. சாப்பிடக் கூடாதுன்னு சொன்ன தின்பண்டத்தை நாய் உண்மையிலயே தின்னுச்சா இல்லையாங்கிறதுக்கும் அந்த "தப்பு பண்ண முகத்துக்கும்" சம்பந்தமே இல்ல, ஓனர் திட்டினப்போதான் அந்த முகம் கூடுச்சு, ஒண்ணுமே பண்ணாத நாய் கூட திட்டு வாங்கினா அப்படித்தான் முழிச்சுது. அதாவது அது உங்க கோபத்தைப் பார்த்து பயப்படுது, சோபா ஓரத்தை நினைச்சு வருத்தப்படல. திட்டத் திட்ட அது உங்க கண்ணுல படாம கட்டிலுக்கு அடியில போகக் கத்துக்கும், பேப்பரைக் கத்துக்காது.

3 மாசக் குட்டியால அதிகபட்சம் மூணு நாலு மணி நேரம் அடக்க முடியும், அதுவும் தூங்கும்போது. முழிச்சு விளையாடிட்டு இருந்தா அரை மணிக்கு ஒரு தடவை கூட வரும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாட்டு நடுவுலயும் நீங்களே கூட்டிட்டு போங்க, அது வந்து சொல்லும்னு காத்திருக்காதீங்க. திடீர்னு தரையை மோந்துக்கிட்டே வட்டம் போட்டா உங்களுக்கு சில செகண்ட்தான் டைம். சரியான இடத்துல முடிச்சதும் அங்கேயே, அந்த நொடியே ஒரு ட்ரீட் கொடுங்க. கிச்சனுக்கு வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தீங்கன்னா அது கிச்சனுக்கு வந்ததுக்கு கிடைச்ச பரிசு ஆயிடும்.

சோபா ஓரத்தை என்ஸைம் க்ளீனரால, அதாவது உச்சா வாசனையையே போக்குற க்ளீனரால துடைங்க. அமோனியா கலந்த ஃப்ளோர் க்ளீனர் மட்டும் வேண்டாம், உச்சாவிலயும் அந்த வாசனைதான், "இங்க போ"ன்னு போர்டு வச்ச மாதிரி. மூக்கைத் தேய்க்கிறது, பேப்பரைச் சுருட்டி அடிக்கிறது எல்லாத்தையும் இன்னியோட விட்டுடுங்க சார்.

ஆன்ட்டி, நான் ஏழாவது படிக்கிறேன். எங்க பப்பிக்கு 4 மாசம். மழையா இருந்தா வெளிய போக முடியல, வீட்டுக்குள்ள பந்து போட்டுப் போட்டு எனக்கு கை வலிக்குது, அதுக்கு மட்டும் போரே அடிக்கல. லேசர் லைட் வாங்கலாமா? வேற என்ன விளையாட்டு இருக்கு?

கண்ணு, லேசர் மட்டும் வேண்டாம். அது துரத்தித் துரத்தி கடைசியில வாய்ல ஒண்ணுமே கிடைக்காது, சில நாய்கள் அந்த ஏக்கத்துலயே சுவத்துல நிழலையும் வெளிச்சத்தையும் நாள் முழுக்க துரத்த ஆரம்பிச்சுடும், அதை மாத்துறது ரொம்பக் கஷ்டம்.

பந்து போடுறதுல கால் மட்டும்தான் ஓடுது, மூக்குக்கும் மூளைக்கும் வேலை இல்ல. நாய் உலகத்தைப் பார்க்கிறதே மூக்காலதான், பத்து நிமிஷம் மோந்து தேடினா நல்லாவே களைச்சுப் போகும். அதோட மதியச் சாப்பாட்டை தட்டுல போடாத, அம்மாகிட்ட கேட்டு அந்த டாக் ஃபுட்டை ஒரு பழைய துண்டுல தூவி உருட்டி கொடு, பிரிச்சுப் பிரிச்சுத் தின்னட்டும். அது பழகினதும் துண்டை ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள வை, மேல பேப்பரை கசக்கிப் போடு. பெட்டியைக் கிழிச்சா கிழிக்கட்டும், ஆனா பின் ஊசி, டேப் எல்லாம் முன்னாடியே எடுத்துடு, அட்டையை முழுங்குதான்னு பார்த்துக்கிட்டே இரு.

அடுத்தது கண்ணாமூச்சி. யாராவது அதைப் பிடிச்சுக்கட்டும், நீ கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு பேர் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடு. கண்டுபிடிச்சு வந்ததும் திருவிழா மாதிரி கொண்டாடு, ட்ரீட் கொடு. இதுல என்ன நடக்குதுன்னா கூப்பிட்டா ஓடி வர்ற பழக்கம் தானா வந்துடும், நாளைக்கு கேட் திறந்திருந்து ரோட்டுக்கு ஓடினா அதைக் காப்பாத்தப் போறது இந்தப் பழக்கம்தான். அதனால அதோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எப்பவுமே திட்டாத.

கயிறு இழுக்கிறது தாராளமா விளையாடு. அதுல நாயை ஜெயிக்க விட்டா தலைக்கு மேல ஏறிடும்னு சொல்லுவாங்க, நம்பாத. பிரிட்டன்ல நிக்கோலா ரூனி, ஜான் பிராட்ஷா ரெண்டு பேரும் கோல்டன் ரெட்ரீவர் நாய்களை வச்சு சோதிச்சு 2002ல வெளியிட்டாங்க, ஜெயிச்சதுனால எந்த நாயும் அதிகாரம் பண்ண ஆரம்பிக்கல. கயிறை தரையோட ஒட்டி பக்கவாட்டுல ஆட்டு, தூக்கி ஆட்டாத, கழுத்துக்கு நல்லதில்ல. நடுநடுவுல நீ அசையாம நின்னு "விடு"ன்னு சொல்லி, விட்டதும் ட்ரீட் கொடுத்து திரும்ப ஆரம்பி. பல்லு மாறுற வயசு, அதனால மெதுவா இழு, கயிறுல லேசா ரத்தமோ குட்டிப் பல்லோ இருந்தா பயந்துடாத. சோபாவுலேர்ந்து குதிக்க வைக்கிறது, படிக்கட்டுல மேலயும் கீழயும் ஓட வைக்கிறது மட்டும் இப்போதைக்கு வேண்டாம், எலும்பு இன்னும் வளர்ந்துட்டு இருக்கு.

அப்புறம் உன்கிட்ட ஒரு வேலை. நீ சாக்லேட், திராட்சை, சூயிங்கம் ஏதாவது வச்சிருந்தா அதுக்கு எட்டாத இடத்துல வை. நமக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்கு விஷம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல போடுற சைலிட்டால்ங்கிற இனிப்பு கொஞ்சமா போனாலே ஆபத்து. தெரியாம தின்னுடுச்சுன்னா மறைக்காம உடனே அம்மாகிட்ட சொல்லு.

அக்கா, ஊசி எல்லாம் முடியுற வரைக்கும் வெளிய எடுத்துட்டே போகாதீங்கன்னு ஒருத்தர் சொல்றாங்க, இப்பவே ஊரைக் காட்டுங்கன்னு இன்னொருத்தர் சொல்றாங்க. எதைக் கேட்கிறது?

ரெண்டையும் கேட்கணும். பார்வோங்கிறது குட்டிங்களுக்கு வாந்தியும் பேதியுமா வர்ற ரொம்ப மோசமான வியாதி, அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அதனால 16 வாரம் வாக்குல கடைசி ஊசி முடியுற வரைக்கும் மத்த நாய்கள் நடமாடுற தரையில இறக்கி விடாதீங்க. ஆனா குட்டியோட மனசு திறந்திருக்கிறது சுமார் 3 வாரத்துலேர்ந்து 12, 14 வாரம் வரைக்கும்தான். 1961ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல மனுஷ வாசனையே படாம 14 வாரம் வரைக்கும் வளர்த்த குட்டிங்க அதுக்கப்புறம் மனுஷனைக் கண்டாலே காட்டு மிருகம் மாதிரி ஒதுங்குச்சு. ஊசிக்காக அந்த நாளையெல்லாம் நாலு சுவத்துக்குள்ளயே கழிச்சுட்டா திரும்ப கிடைக்காது. தோள்ல போட்டுக்கிட்டு போங்க, வண்டி சத்தம், குடை, ஹெல்மெட் போட்ட ஆளு, தாடி வச்ச ஆளு, குழந்தைங்க, எல்லாம் தூரத்துலேர்ந்து காட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு ட்ரீட். பயந்தா இன்னும் தள்ளிப் போங்க. ஊசி போட்ட அமைதியான பெரிய நாய் தெரிஞ்சவங்க வீட்டுல இருந்தா வரச் சொல்லுங்க.

ராத்திரி முழுக்க அழுவுது. கண்டுக்காம விட்டா பழகிடும்னு ஹால்ல தனியா விட்டோம், மூணு நாளா யாருக்கும் தூக்கமில்ல.

நேத்து வரைக்கும் தாயோட சூட்டுல படுத்திருந்த உயிர் அது. உங்க கட்டில் பக்கத்துலயே அதோட படுக்கையைப் போடுங்க, அழுதா கையைத் தொங்க விட்டு தொட்டுக்கோங்க. கெட்டுப் போயிடாது. ஒரு வாரம் ரெண்டு வாரம் போனதும் தினம் கொஞ்சம் கொஞ்சமா நீங்க நினைக்கிற இடத்துக்கு நகர்த்துங்க. நடுராத்திரி எழுந்து அழுதா உச்சாவா இருக்கும், லைட் போடாம, பேசாம, கூட்டிட்டு போய்ட்டு வந்து படுக்க வச்சுடுங்க.

நானும் கணவரும் வேலைக்குப் போறோம், குட்டி 9 மணி நேரம் தனியா இருக்கும். வந்து பார்த்தா செருப்பு, ரிமோட், மெத்தை எல்லாம் போச்சு. பொம்மை நிறைய வாங்கி வச்சிருக்கோம், தொடவே மாட்டேங்குது.

உங்ககிட்ட நேராவே சொல்றேன்மா, 9 மணி நேரம் எந்தக் குட்டியாலயும் தனியா இருக்க முடியாது. பொம்மையால இதைத் தீர்க்க முடியாது, நடுவுல ஒரு தடவையாவது, முடிஞ்சா ரெண்டு தடவை யாராவது வந்து சாப்பாடு போட்டு, உச்சா கூட்டிட்டு போய், கொஞ்ச நேரம் கூட இருக்கணும். சொந்தக்காரங்களோ காசு வாங்கிட்டு பார்த்துக்கிறவங்களோ யாரா இருந்தாலும் சரி, அந்த ஏற்பாட்டை மொதல்ல பண்ணுங்க.

மத்தது அப்புறம். செருப்பை அலமாரியில வைங்க, உங்க வாசனை அடிக்கிற பொருள்னாதான் அது தேடிப் போய் கடிக்குது. பொம்மை எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி வைக்காதீங்க, மூணை மட்டும் வெளிய வச்சு மத்ததை ஒளிச்சு வச்சு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க, புதுசு மாதிரி பாயும். நகத்தால அழுத்தினா கொஞ்சமாவது அமுங்குற பொம்மையா பாருங்க, கல்லு மாதிரி இருந்தா பல்லு உடையும். லீவு நாள்ல ஒரு நிமிஷம் வெளிய போய்ட்டு வாங்க, அப்புறம் மூணு நிமிஷம், பத்து நிமிஷம், போறதையும் வர்றதையும் பெரிசு பண்ணாம.

சாப்பிடும்போது கிட்ட போனா உர்ருங்குது. அப்பா தட்டைப் பிடுங்கி பிடுங்கி கொடுத்து பழக்கணும்ங்கிறார்.

தம்பி, நீ சாப்பிடும்போது தினம் ஒருத்தர் வந்து தட்டைப் பிடுங்கினா உனக்கு எப்படி இருக்கும்? உர்ருங்கிறது நல்லது, அது எச்சரிக்கை, அதுக்காக அடிச்சா உறுமாம நேரா கடிக்கக் கத்துக்கும். அப்பாகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லு. குட்டி சாப்பிடும்போது உறுமாத தூரத்துல, ரெண்டு மீட்டரோ மூணு மீட்டரோ, நடந்து போகும்போது தட்டுல இருக்கிறதைவிட ருசியான ஒரு துண்டை அது பக்கம் போட்டுட்டு நிக்காம போயிடு. தினம் இப்படியே செய், அது நிம்மதியா இருந்தா மட்டும் ஒரு அடி கிட்ட வா, உடம்பு விறைச்சா மறுபடி தள்ளிப் போ. சில வாரம் கழிச்சு உன் காலடிச் சத்தம் கேட்டதும் தட்டுலேர்ந்து தலையைத் தூக்கி வாலை ஆட்டிக்கிட்டு உன் கையைப் பார்க்கும். அதுக்கப்புறமும் உறுமல் குறையலன்னா, இல்ல ஒரு தடவை கடிக்கப் பாய்ஞ்சாலும், நீயா எதுவும் முயற்சி பண்ணாம டாக்டர்கிட்ட கேட்டு, அடிக்காம பழக்குற நல்ல ட்ரெய்னரை நேர்ல வரச் சொல்லுங்க.