அமோர்ட்டெரிங் என்றால் அமோர்ட்டைசேஷனா?

ஸ்வீடன் வீட்டுக்கடன் கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது, அதில் வரும் 'அமோர்ட்டெரிங்'கை அமோர்ட்டைசேஷன் என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் லண்டனில் கடன் கட்டுபவருக்கு அது கணக்காளர் பேச்சு. அவர் சொல்வது 'கேபிட்டல் ரீபேமென்ட்'. வட்டி இதில் சேராது, அசலைக் குறைக்கும் தொகை மட்டும்தான். ஸ்வீடனில் 2016இல் வந்த விதிப்படி, வீட்டு மதிப்பில் 70 சதவீதத்துக்கு மேல் புதிதாகக் கடன் வாங்கினால் ஆண்டுக்குக் கடன் தொகையில் குறைந்தது 2 சதவீதம் அசலாகக் கட்ட வேண்டும். இந்த 2 சதவீதம் அசல் மட்டும்தான், அதனால் 'மாதத் தவணை' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள், வாசிப்பவர் வட்டியையும் சேர்த்து நினைத்துக்கொள்வார்.

அப்புறம், வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் 'ஆட்டோகிரோ'வை அப்படியே விடாதீர்கள். 'டைரக்ட் டெபிட்' போதும். பணம் பெறுபவரைக் குறிக்கும் ஸ்வீடன் எண்ணான 'பேங்க்கிரோ நம்பர்' மட்டும் அப்படியே இருக்கட்டும். பணம் அனுப்புபவர் படிவத்தில் அதே பெயரைத்தான் தேடுவார்.