வாசகர் கேள்வி-பதில்: கைக்குழந்தையும் பிட்யூட்டரி குறைபாடும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு மாதம். பிறந்த மூன்றாம் நாள் சர்க்கரை 38-க்கு இறங்கியது. காமாலை இன்னும் விடவில்லை. பிறந்ததும் எடுத்த தைராய்டு பரிசோதனை நார்மல் என்றார்கள். இப்போது பிட்யூட்டரி சரியாக வேலை செய்யவில்லை, தைராய்டு ஹார்மோனும் குறைவு என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே உண்மைதான். குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் பல இடங்களில் டி.எஸ்.ஹெச். மட்டுமே பார்க்கிறார்கள். தைராய்டை முடுக்கிவிட, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டிலேயே பழுது என்றால் டி.எஸ்.ஹெச். எகிறிவிடும், உடனே தெரிந்துவிடும். பிட்யூட்டரியில் பழுது என்றால் ஏற வேண்டியது ஏறாது. அறிக்கையில் நார்மல் என்றே வரும். ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனின் அளவான ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பால் குடித்து நேரமான பிறகு சர்க்கரை சரியாமல் தாங்குவதில், பிட்யூட்டரி தூண்டி அட்ரினல் சுரப்பி (சிறுநீரகத்தின் மேல் இருப்பது) சுரக்கும் கார்டிசாலுக்கும், பிட்யூட்டரியே சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனுக்கும் பெரும்பங்கு உண்டு. இரண்டும் குறைந்தால் சர்க்கரை இறங்கும். விடாத காமாலை, ஆண் குழந்தைக்கு மிகச் சிறிய ஆணுறுப்பு, இறங்காத விதை, ஓரிடத்தில் நிற்காமல் அலையும் கண் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். பிறந்தபோது நீளம் சரியாக இருந்ததே என்று ஆறுதல் கொள்ள முடியாது. கருவில் வளர்வதற்கு வளர்ச்சி ஹார்மோன் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

சர்க்கரை மறுபடி 50-க்குக் கீழே போனால், குளுக்கோஸ் ஏற்றும் முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்து கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன், இன்சுலின், கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை ஏறிய பின் எடுத்த ரத்தம் இதற்கு உதவாது. ஆனால் குழந்தைக்கு வலிப்பு வந்தால் குளுக்கோஸ்தான் முதலில். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரியின் காம்பு மெலிந்தோ அறுந்தோ, பின்பகுதி இடம் மாறியோ தெரிந்தால் காரணம் உறுதியாகும்.

கேள்வி: தைராய்டு குறைவு என்று தெரிந்தும் தைராய்டு ஹார்மோன் மருந்தான தைராக்சினைத் தள்ளிப்போட்டு, கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோனை முதலில் தருகிறார்கள். தாமதமாகிவிடாதா?

பதில்: இந்த வரிசை மாறவே கூடாது. தைராக்சின் உள்ளே போனதும் உடல் வேகமெடுக்கும், இருக்கிற கொஞ்சக் கார்டிசாலும் சீக்கிரம் கரையும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து குழந்தை துவண்டுவிடும். அதனால் கார்டிசால் குறைவில்லை என்று தெரிய வேண்டும். குறைவென்றால் ஹைட்ரோகார்டிசோன் தொடங்கிய பிறகே தைராக்சின். பிறகு தைராக்சின் அளவை ஃப்ரீ டி4 பார்த்தே கூட்டிக் குறைப்பார்கள், டி.எஸ்.ஹெச்.ஐப் பார்த்துக் குறைத்தால் தவறாகிவிடும்.

ஹைட்ரோகார்டிசோன் வழக்கமாக உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மி.கி. ஆறு கிலோ குழந்தையின் பரப்பு ஏறக்குறைய 0.3 சதுர மீட்டர். ஆக நாளுக்கு 3 மி.கி.க்குள், மூன்று வேளையாக. 10 மி.கி. மாத்திரையை 10 மி.லி. தண்ணீரில் கலக்கி 1 மி.லி. எடுக்கச் சொல்வார்கள். தவறு நடப்பது இங்கேதான். அந்த மாத்திரை முழுதாகக் கரையாது. நிமிடத்தில் வெள்ளைத் துகள் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை எடுத்தால் மருந்து போதாது, அடியில் உறிஞ்சினால் அதிகம். குலுக்கிய கையோடு சிரிஞ்சில் எடுங்கள், மீதியைக் கொட்டிவிடுங்கள். அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

ஹைட்ரோகார்டிசோன் தொடங்கிய சில நாளில் டயப்பர் நனைந்து வழிந்து, குழந்தை ஓயாமல் தாகமாக இருந்தால் உடனே சொல்லுங்கள். நீரைத் தேக்கும் ஹார்மோனும் குறைவாக இருந்து, கார்டிசால் இல்லாததால் அதுவரை மறைந்திருக்கலாம். அன்றே சோடியம் பார்க்க வேண்டும்.

கேள்வி: காய்ச்சல், வாந்தி வந்தால்?

பதில்: உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் அப்போதுதான். நலமான குழந்தைக்குக் காய்ச்சலில் கார்டிசால் தானே கூடும். இந்தக் குழந்தைக்கு நாம்தான் கூட்ட வேண்டும். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் மொத்த அளவை இரண்டு மூன்று மடங்காக்கி, இரவிலும் ஒரு வேளை சேர்த்து நாலு வேளையாகத் தருவார்கள். உங்கள் குழந்தைக்கான அளவை மி.கி.யில் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நடுராத்திரியில் கணக்குப் போட வராது.

மருந்து கொடுத்து அரை மணிக்குள் வாந்தி என்றால் இன்னொரு முறை கொடுங்கள். அதுவும் வெளியே வந்தால், அல்லது குழந்தை எழுப்ப எழுப்ப எழாமல் கிடந்தால், தொடையின் வெளிப்புறத் தசையில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி. கைக்குழந்தைக்கு வழக்கமான அளவு 25 மி.கி. போட்டுவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பொட்டாசியம் சரியாக இருக்கிறதே என்று யாராவது தயங்கினால், கோளாறு பிட்யூட்டரியில், அட்ரினலில் அல்ல என்று சொல்லுங்கள். உடலின் உப்புகளைச் சமன்செய்யும் ஆல்டோஸ்டிரோனை அட்ரினல் வழக்கம்போல் சுரப்பதால் இவர்களுக்குப் பொட்டாசியம் ஏறாது.

கேள்வி: வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்துக்கு மட்டும்தானா?

பதில்: இந்த வயதில் சர்க்கரைக்காகவும்தான். தினமும் இரவில், தோலுக்கடியில், இடம் மாற்றி மாற்றி. மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறைந்துபோனதைப் போடக் கூடாது.