விர்பல்விண்ட் மேல் என்ன குற்றம்?

கேள்வி: வார் தண்டர் கேமில், விமானத்தைச் சுட்டு வீழ்த்துவதற்கான ஜெர்மன் விர்பல்விண்ட் வண்டி எடுத்து ரியலிஸ்டிக் மோடில் ஆடுகிறேன். நாலு குழாய் இருந்தும் விமானம் விழுவதே இல்லை. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த நொடியிலிருந்து விடாமல் சுடுகிறேன். ட்ரேசர் (ஒளிவிட்டுப் பறக்கும் தோட்டா) எல்லாம் விமானத்தின் மேலேயே போய் விழுகிற மாதிரி இருக்கிறது, ஆனால் ஒன்றும் ஆவதில்லை. கடைசியில் அவன் நேராக வந்து என் தலையிலேயே குண்டு போட்டுவிட்டுப் போகிறான். கூட ஆடுகிறவர்கள் சாட்டில் திட்டுகிறார்கள். துப்பாக்கியே டம்மியா? காசு கொடுத்து வேறு வண்டி வாங்கினால் சரியாகுமா?

— பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் ஒரு கல்லூரி மாணவர்

பதில்: "தெரிந்த நொடியிலிருந்து விடாமல் சுடுகிறேன்" என்று நீங்களே எழுதிவிட்டு, குற்றத்தைத் துப்பாக்கி மேல் போடுகிறீர்களே தம்பி!

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எதிரி விமானம் மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் உங்களுக்குக் குறுக்கே பறக்கிறது. அப்படியென்றால் நொடிக்கு 125 மீட்டர். உங்கள் 20 மில்லிமீட்டர் தோட்டா குழாயை விட்டுக் கிளம்பும்போது நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகம். ஆனால் சின்னத் தோட்டா, காற்றில் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒரு கிலோமீட்டர் போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை நொடி பிடிக்கும். அந்த ஒன்றரை நொடியில் விமானம் 190 மீட்டர் நகர்ந்திருக்கும். பி-47 தண்டர்போல்ட் என்ற அமெரிக்கப் போர் விமானம் மூக்கிலிருந்து வால் வரை 11 மீட்டர்தான். ஆக, மூக்குக்கு முன்னால் பதினேழு விமான நீளம் தள்ளிக் குறி வைக்க வேண்டும். இப்படி முன்னே தள்ளுவதைத்தான் லீட் என்கிறோம். நீங்கள் எவ்வளவு லீட் வைத்தீர்கள்? இரண்டு? மூன்று? தாராளமாக ஐந்து என்றே வைத்துக்கொள்வோம். அத்தனை தோட்டாவும் அவன் வாலுக்குப் பின்னால் வெற்று வானத்தில்தான் போயிருக்கும்.

பதினேழு நீளத்தைக் கண்ணால் அளந்து அடிக்கிற ஆள் உலகத்தில் எங்காவது இருக்கலாம். நீங்களும் நானும் இல்லை. அப்படியே அளந்தாலும், அந்த ஒன்றரை நொடிக்குள் பைலட் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், கணக்கு பாழ். இதே விமானம் 400 மீட்டரில் குறுக்கே போனால் தோட்டாவுக்கு அரை நொடி போதும். லீட் ஆறு நீளத்துக்குள் அடங்கிவிடும். அது மனுஷனால் முடிகிற காரியம்.

ட்ரேசர் விமானத்தில் போய் விழுகிற மாதிரி தெரிந்தது என்கிறீர்கள். இந்த மாயத்தில் இரண்டாம் உலகப் போரில் நிஜமாகவே சுட்டவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். உங்கள் கண்ணுக்கும் விமானத்துக்கும் நடுவே போகிற ட்ரேசரும், விமானத்தைத் தாண்டிப் பின்னால் போகிற ட்ரேசரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். குழாயிலிருந்து கிளம்புகிற ஒளிக்கோட்டைப் பார்க்காதீர்கள். விமானத்தைப் பாருங்கள். அதன் பக்கத்தில் போகும்போது ட்ரேசர் முன்னால் கடக்கிறதா, பின்னால் கடக்கிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். பெரும்பாலும் பின்னால்தான் கடக்கும். அப்போது நீங்கள் போதும் என்று நினைப்பதைவிட இன்னும் ஒரு மடங்கு முன்னே தள்ளுங்கள்.

இன்னொன்று. சிலர் விமானத்துக்கு முன்னால் ஒரே இடத்தில் சுட்டுக்கொண்டே இருந்தால் அவனாக வந்து மோதிக்கொள்வான் என்று சொல்லித் தருகிறார்கள். நாலு குழாயும் முழு வேகத்தில் சுட்டாலும் நொடிக்கு 30 தோட்டாதான். விமானம் தன் நீளத்தைக் கடக்கப் பத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது. அந்த நேரத்தில் அந்த இடத்தைத் தாண்டுவது இரண்டு மூன்று தோட்டா. அதுவும் உயரம் சரியாக அமைந்தால். விமானத்தின் ஓட்டத்தோடு குழாயையும் சேர்த்து நகர்த்திக்கொண்டே சுட்டால்தான் அடி விழும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எப்போது சுடுவது? பைலட் குறி பார்க்கிற நேரத்தில்.

வானத்தில் சும்மா சுற்றுகிறவன் எப்படி வேண்டுமானாலும் வளையலாம், நெளியலாம். ஆனால் குண்டு போடவோ ராக்கெட் விடவோ வந்துவிட்டால், கடைசி மூன்று நான்கு நொடி அவன் நேராகப் பறந்தே ஆக வேண்டும். அவனும் உங்களைப் போலக் குறி வைக்கிறவன்தானே! அந்த நொடிகள் உங்களுடையவை. அதற்கு முன்னால் நீங்கள் கொக்கு மாதிரி நிற்க வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் ட்ரேசரை வாரி இறைத்தால் என்ன நடக்கிறது? அவன் விழுவதில்லை. நீங்கள் எந்தப் புதரில் இருக்கிறீர்கள் என்று அவனுக்கு மட்டும் அல்ல, தரையில் இருக்கும் டேங்குகளுக்கும் தெரிந்துவிடுகிறது. தலையில் குண்டு விழுந்த காரணம் இதுதான்.

1944-இல் லண்டனை நோக்கி வந்த ஜெர்மானிய வி-1 பறக்கும் குண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தில் அந்தக் காலத்துப் போர் விமானங்களுக்குச் சளைத்தவை அல்ல. ஆனால் உள்ளே பைலட் கிடையாது, வளையத் தெரியாது. ஜூலையில் துப்பாக்கிகளைக் கடற்கரைக்கு நகர்த்தி, ரேடார், கணக்குப் போடும் கருவி, இலக்கின் அருகில் போனதும் தானாக வெடிக்கும் ஷெல் மூன்றையும் சேர்த்ததும், ஆகஸ்ட் முடிவதற்குள் அவற்றைக் கொத்துக் கொத்தாக வீழ்த்தினார்கள். நேராகப் பறந்ததால்தான் அந்தக் கணக்கு பலித்தது. இதே நகரத்தில் 1940 செப்டம்பர் இரவுகளில், குண்டு போட வந்த ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தப் பல்லாயிரம் ஷெல் செலவானதாகச் சொல்வார்கள். உங்கள் ஸ்கோர் அதைவிட மோசமாக இருக்காது என்று நம்புகிறேன்.

அந்த 1940 கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு, பிரிட்டிஷ் விமான எதிர்ப்புப் படைத் தளபதி ஃப்ரெடரிக் பைல் எல்லாத் துப்பாக்கிகளையும் இஷ்டம்போல் சுடச் சொன்னார். பெரிதாக எதுவும் விழவில்லை, ஆனால் விமானங்கள் உயரத்துக்கு ஏறிக்கொண்டன. உங்களுக்கும் இது உதவும். திறந்தவெளியில் உங்கள் அணி டேங்க் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் ஒருவன் இறங்குகிறான் என்றால் அவனை வீழ்த்துவதைப் பற்றி யோசிக்காமல் முன்கூட்டியே சுடுங்கள். ட்ரேசரைப் பார்த்துப் பயந்து விலகினாலே அந்த டேங்க் பிழைத்தது. மற்ற நேரமெல்லாம் பொறுமை. கடைசி நொடி வரையும் பொறுக்காதீர்கள். குண்டு கழன்றுவிட்டால் விமானத்தைத் தூள் தூளாக்கினாலும் குண்டு விழத்தான் செய்யும்.

நிஜ விர்பல்விண்டில் இந்தப் பொறுமை கட்டாயம். ஒவ்வொரு குழாய்க்கும் 20 தோட்டா மேகசின், மூன்று நொடிக்குள் காலி. அதனால் சுடுகிறவருக்கு இரண்டு பெடல். ஒவ்வொன்றும் மூலைக்கு மூலையாக இரண்டு குழாயை இயக்கும். ஒரு ஜோடி சுடும்போது மற்ற ஜோடிக்கு மேகசின் மாற்றுவார்கள். நீங்கள் மவுஸை அழுத்திக்கொண்டே இருப்பதுபோல் அவர்கள் சுட்டிருந்தால், விமானம் அருகில் வரும்போது நாலு குழாயும் வெறுமையாக இருந்திருக்கும்.

எங்கே நிற்பது? மேட்டு உச்சி வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். உங்கள் டேங்குகள் கூடி நிற்கிற இடத்திலிருந்து 300, 400 மீட்டர் தள்ளி, ஒரு பக்கம் கட்டடமோ பாறையோ மறைக்கிற மாதிரி நில்லுங்கள். விமானம் அவர்கள் மேல் இறங்கும், நீங்கள் பக்கவாட்டில் இருப்பீர்கள். குண்டு போட்டு முடித்து மேலே எழும்போது வேகம் குறைந்து, முழு உடம்பையும் காட்டுவான். அதுவும் நல்ல நேரம். உங்களையே குறிவைத்து நேரே வருகிறவனுக்கு லீட் அநேகமாகத் தேவையில்லை, மூக்கிலேயே பிடித்துச் சுடலாம். ஆனால் உங்கள் வண்டிக்கு மேல்மூடி இல்லை என்பது ஞாபகம் இருக்கட்டும். அவனுடைய நாலு தோட்டா உள்ளே விழுந்தால் ஆட்கள் மிஞ்சமாட்டார்கள். சந்தேகம் வந்தால் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுங்கள். வானம் காலியாக இருக்கிறதே என்று அந்த வண்டியில் டேங்க் வேட்டைக்குப் போகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

வேறு வண்டி வாங்கலாமா? இப்போதைக்கு வேண்டாம். ஆஸ்ட்விண்ட் என்ற இன்னொரு ஜெர்மன் வண்டியில் 37 மில்லிமீட்டர் ஷெல் ஒன்று பட்டாலும் பலமாகப் படும், ஆனால் குழாய் ஒன்றுதான். குறி பழகாதவருக்கு அது இன்னும் கஷ்டம். கேமில் பின்னால் வரும் ஷில்கா என்ற சோவியத் வண்டியில் ரேடார் இருக்கிறது, அதை ஒரு விமானத்தின் மேல் லாக் செய்தால் (விடாமல் பின்தொடரப் பூட்டினால்) எங்கே சுட வேண்டும் என்று அதுவே காட்டும். அங்கேயும் பூமியை ஒட்டிப் பறக்கிறவனை ரேடார் தவறவிடும். எச்சரிக்கைக் கருவி உள்ள விமானமாக இருந்தால், நீங்கள் லாக் செய்ததுமே அவனுக்கும் தெரிந்துவிடும். கடைசியில் இதே கண், இதே கைதான்.

காசு செலவு செய்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள். நின்ற இடத்தில் வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டால், எந்தத் திசையிலிருந்து விமானம் வருகிறது என்பது காதிலேயே தெரியும். டைவ் அடிக்கத் தொடங்கியதும் சத்தம் ஏறும். குழாயைத் திருப்ப அது போதும். சாட் பெட்டியை மூடி வையுங்கள். அதைப் படிக்கிற நேரத்தில் வானத்தை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிடலாம்.