சென்னையில் அந்திப் படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாலையில் படகேறி, சூரியன் மறைவதைப் பார்த்து, அங்கேயே இரவு உணவை முடித்துக்கொண்டு, திறந்தவெளியில் ஆடல் பாடலும் கண்டு திரும்பும் பயணங்களைப் பற்றி இந்த மாதம் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. விடுமுறையும் விசேஷங்களும் நெருங்கும் வேளை என்பதால், இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பெற்றோருக்கு வரும் தை மாதம் அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர் போய் வந்த பிறகு, குடும்பத்தார் இருபது பேரும் சென்னையிலேயே ஒரு மாலை படகில் சென்று, சூரியன் கடலில் மறைவதைப் பார்த்தபடி சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். எங்கே போகலாம்? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஆசையில் ஒன்றே ஒன்றுதான் சென்னையில் நிறைவேறாது. நம் கடல் கிழக்கே இருப்பதால், சூரியன் கடலில் உதிக்குமே தவிர கடலில் மறையாது. மெரினாவில் மாலையில் கடலைப் பார்த்து நிற்பவருக்குச் சூரியன் முதுகுப் பக்கம், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு அப்பால் இறங்கிவிடும். அது மட்டுமல்ல, அலைகள் நேரே வந்து மோதும் அந்தத் திறந்த கரையில் பயணிகள் படகு அணைவதற்குத் துறையும் கிடையாது.

ஆனால் தண்ணீருக்கு மேல் சூரியன் மறையும் இடம் ஒன்று நமக்கு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகரிலிருந்து ஏறத்தாழ 36 கி.மீ. தொலைவிலுள்ள முட்டுக்காட்டில், பாலத்துக்குக் கிழக்கே கடலும் மேற்கே கோவளம் கழிமுகத்தின் அகன்ற நீர்ப்பரப்பும் விரிந்திருக்கின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் அங்கே படகுக் குழாம் நடத்திவருகிறது. துடுப்புப் படகும் மோட்டார் படகும் பகற்பொழுதுக்கு உரியவை. நீங்கள் விரும்பும் மாலை விருந்துக்கு, கழகம் தனியாருடன் இணைந்து அங்கே கொண்டுவந்துள்ள இரண்டு அடுக்கு மிதவை உணவகக் கப்பல்தான் பொருத்தமானது. அது 125 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்டது. கீழ்த்தளம் குளிரூட்டப்பட்டது, மேல்தளம் திறந்தவெளி. பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் மேசை சொல்லி வைத்துவிட்டு, சூரியன் இறங்கும் அந்த அரைமணி நேரம் மட்டும் கைப்பிடித்து மேலே அழைத்துச் செல்லுங்கள். முன்பதிவின்போது புறப்படும் நேரத்தை மட்டுமல்லாமல், உணவு எப்போது பரிமாறப்படும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாலை 6 மணிக்குப் புறப்படும் படகில் பதிவு செய்ய நினைக்கிறேன். சூரியன் மறைவதைப் பார்க்க அது சரியான நேரம்தானே? (வாசகர், தாம்பரம்)

பதில்: இல்லை. அந்த நாட்களில் சென்னையில் சூரியன் ஏறத்தாழ 5.50 மணிக்கே மறைந்துவிடும். நீங்கள் படகில் கால் வைக்கும்போது மேற்கே சிவப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் பொழுது சாய்வதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நவம்பர் பிற்பாதியில் ஏறத்தாழ 5.40 மணிக்கு மறையும் சூரியன், ஜூலை முதல் வாரத்தில் ஏறத்தாழ 6.40 மணிக்கு மறைகிறது. முழுதாக ஒரு மணி நேரம் வேறுபடுகிறது. பொங்கலை ஒட்டி 6 மணி, செப்டம்பர் பிற்பகுதியில் 6.05 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இடமும் மாறுகிறது. ஜூனில் நேர்மேற்கிலிருந்து வடக்கே தள்ளியும், டிசம்பரில் தெற்கே தள்ளியும் இறங்குகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் சாய்வாக நழுவாமல், ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. வட்டத்தின் கீழ் விளிம்பு அடிவானைத் தொட்டதிலிருந்து மேல் விளிம்பு மறையும் வரை இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகும். அதன்பின் இருபது நிமிடங்களுக்கு மேல் வெளிச்சம் தங்குவதில்லை. வானத்தின் நிறங்கள் மிக அழகாக இருப்பது அந்த இருபது நிமிடங்களில்தான்.

இதை நான் ஒரு முறை இழந்து கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், முழங்கால் வலியோடு இருந்த என் தாயாரை ஒரு தனியார் படகுக்கு அழைத்துச் சென்றேன். சீட்டில் 5.30 என்று அச்சிட்டிருந்தார்கள். இன்னும் இருபது பேர் சேரட்டும் என்று ஆறேகால் வரை கரையிலேயே கட்டிவைத்திருந்தார்கள். சூரியன் ஒரு பனை உயரத்துக்கு இறங்கியபோது, சாப்பாடு ஆறிப்போகும், உடனே வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். அம்மா எவர்சில்வர் தட்டை ஏந்தி வரிசையில் நின்றார். அவருக்கும் மேற்குக்கும் நடுவில் பத்துப் பேரின் முதுகுகள் இருந்தன. தட்டில் இரண்டு இட்லியும் கொஞ்சம் சட்னியும் வாங்கித் திரும்பியபோது, “மறைஞ்சாச்சா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை இன்றும் வருத்துகிறது.

நெய்தல் நிலத்துக்கு உரிய சிறுபொழுதாக எற்பாட்டை வகுத்தவர்கள் நம் முன்னோர். எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் படுதல். அந்தப் பொழுதை அதற்கே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் சூரியன், இருட்டிய பிறகு ஆட்டமும் பாட்டும், அதற்கும் பிறகு சாப்பாடு என்ற வரிசையை முன்பதிவின்போதே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். இருபது பேராகப் போகும் குடும்பம் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: மேல்தளத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா? கழிமுகத்தில் ஆழம் அதிகமில்லை, லைஃப் ஜாக்கெட் தேவையில்லை என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். (வாசகி, பெரம்பூர்)

பதில்: உறவினர் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில், கிறிஸ்துமஸ் உல்லாசப் பயணம் வந்த குடும்பங்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், பொழுது சாய்ந்த பிறகு சென்ற இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதுவும் நடுக்கடல் அன்று, கழிமுகம்தான். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

அந்திப் பயணத்துக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. பகல் பயணத்தில் மக்கள் நாற்புறமும் பார்ப்பார்கள். அந்தியிலோ எல்லோரும் ஒரே நேரத்தில் மேற்குப் பக்கக் கம்பியருகே படமெடுக்கக் கூடுவார்கள். மேல்தளத்தில் ஆட்கள் கூடக் கூடப் படகின் எடை மையம் உயர்கிறது. உயர்ந்த நிலையில் அத்தனை எடையும் ஒரு பக்கம் நகர்ந்தால் படகு அந்தப் பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் பயந்துபோய் எல்லோரும் ஒரே ஓட்டமாக மறுபக்கம் ஓடினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. அகலமான, முறையாகச் சோதிக்கப்பட்ட படகு இதைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். மீன்பிடிப் படகின் மேல் ஒரு தளத்தைப் பொருத்தி வண்ணம் பூசிய படகு தாங்காது. ஆகவே ஏறும் முன், எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள். உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம், 2021-இன்படி படகுக்குப் பதிவும் சோதனைச் சான்றிதழும் இருக்க வேண்டும்; அதைக் கேட்பது அநாகரிகம் அன்று, உங்கள் உரிமை.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் காட்டினால் போதாது. குழந்தையின் அளவுக்குத் தனியாக இருக்கிறதா என்று பார்த்து, கரையிலேயே அணிவித்து, கொக்கியை மாட்டிவிடுங்கள். பெரியவர்கள் அணியும் ஜாக்கெட்டைச் சிறு குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறிக் குழந்தை கீழே நழுவிவிடும். மேல்தளத்தில் குழந்தையின் கை உங்கள் கையிலேயே இருக்கட்டும். கைப்பேசி பையில் இருக்கட்டும்.

கேள்வி: படகில் சாப்பிட்டால் எனக்குக் குமட்டும். மீன் உணவு நம்பிச் சாப்பிடலாமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: கழிமுகத்தில் அலை குறைவு என்பதால் பெரும்பாலானோருக்குக் குமட்டல் வராது. வந்தால், கைப்பேசியையும் தட்டையும் பார்க்காமல் தொலைவிலுள்ள கரையையே பாருங்கள். காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு நிறையவும் உண்ணாதீர்கள். மீனைப் பொறுத்தவரை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், அந்த மாதங்களில் தட்டுக்கு வரும் பெரிய மீன் வெளியூரிலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது சைவமே நல்லது.

கேள்வி: படகிலேயே ஆடல் பாடல் இருக்கும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பதா, கரையில் தனியாக ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியைப் பார்ப்பதா? (வாசகி, அண்ணா நகர்)

பதில்: கரையில் பாருங்கள். ஆடும் தளத்தில் ஆட்டம் பார்ப்பது ஆடுபவருக்கு நியாயம் செய்வதாகாது. பரதத்தில் முழங்கால்களை மடக்கி அரைமண்டியில் அமர்ந்து, காலால் தரையைத் தட்டும் தட்டடவு ஆட உறுதியான தரை வேண்டும்; கரகத்தைத் தலையில் ஏந்துபவருக்கு அது இன்னும் அதிகமாகத் தேவை. படகின் இயந்திர ஒலியை வெல்ல ஒலிபெருக்கியைக் கூட்டுவார்கள். பிறகு பேச்சும் கேட்காது, தண்ணீரின் ஓசையும் கேட்காது.

முட்டுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தெற்கே போனால் மாமல்லபுரம். டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரியில் நிறைவுறும் நாட்டிய விழாவில், பல்லவர் எழுப்பிய கடற்கரைக் கோயிலுக்கு அருகே, கடற்காற்றில் பரதமும் கதக்கும் ஒடிசியும் நாட்டுப்புறக் கலைகளும் மாலைதோறும் நடைபெறும். ஆனால் ஒரே மாலையில் படகையும் விழாவையும் அடக்க முயலாதீர்கள். ஜனவரியில் சூரியன் மறைந்து நீங்கள் படகிலிருந்து இறங்குவதற்குள் அங்கே பாதி நிகழ்ச்சி முடிந்துவிடும். இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில்தான் முடியும் என்றால், முட்டுக்காட்டிலேயே 1996 முதல் இயங்கிவரும் தட்சிணசித்ராவில் பகலில் பழைய வீடுகளையும் கைவினைகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மிக அருகிலுள்ள படகுத்துறைக்கு வரலாம். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கேள்வி: அப்படியானால் சூரியன் மறையும்போது நிகழ்ச்சி நடத்தவே கூடாதா? கோவாவிலும் பாலியிலும் நடத்துகிறார்களே? (வாசகர், போரூர்)

பதில்: நல்ல கேள்வி. கோவாவில் பணஜியிலிருந்து மாண்டவி ஆற்றில் மாலையில் புறப்படும் படகுகளின் மேல்தளத்தில் தேக்னி, ஃபுக்டி போன்ற நடனங்களை ஆடுகிறார்கள். மகிழ்ச்சியான இடம், ஆனால் எல்லோரும் மேடையைப் பார்த்தே உட்கார்ந்திருப்பதால் ஆறும் வானமும் பின்னணியாகிவிடுகின்றன. பாலியின் உலுவாத்துவில் நடப்பது வேறு. செங்குத்தான கடற்பாறையின் மேல் அமைந்த திறந்த அரங்கில், வாத்தியம் ஏதுமின்றி, வட்டமாக அமர்ந்த பல ஆண்கள் “சக் சக்” என்று குரலாலேயே தாளம் எழுப்ப, அதற்குள் இராமாயணக் கதை நடக்கிறது. எதிரே இந்தியப் பெருங்கடலில் சூரியன் இறங்குகிறது; இருட்டிய பிறகு அனுமனைச் சுற்றித் தீ மூட்டப்படுகிறது. கேசக் எனப்படும் அந்த ஆட்டம் பொழுதோடு போட்டியிடாமல், பொழுதையே தன் விளக்காகக் கொள்கிறது. அத்தகைய நிகழ்ச்சி என்றால் அந்தி நேரத்தில் தாராளமாகப் பார்க்கலாம். நம் பறையும் தெருக்கூத்தும் அப்படி நிகழ்த்தத் தகுதியானவை. கடற்கரையில் ஒலிபெருக்கி இல்லாமல் யாரேனும் நடத்தினால் முதல் ஆளாக நான் போவேன்.

கேள்வி: இந்தப் படகுப் பயணமெல்லாம் வெளிநாட்டு நாகரிகம், சென்னைக்குப் புதிது என்கிறார் என் மாமனார். உண்மையா? (வாசகி, இராயபுரம்)

பதில்: மாமனாரிடம் பக்கிங்காம் கால்வாயைப் பற்றிப் பேசிப் பாருங்கள். 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அந்தக் கால்வாய், 1877-78 பஞ்சத்தில் பசியோடு வந்த மக்களின் உழைப்பால் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, ஆந்திரக் கடலோரத்திலிருந்து மரக்காணம் வரை நீண்டது. உப்பும் விறகும் நெல்லும் தோணிகளில் வந்தன, மக்களும் வந்தார்கள். 1930களில் பாரதிதாசன் தம் தோழர்களோடு நிலவிரவில் அதே கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் சென்று, அந்தப் பயணத்தைப் பாட்டாகவும் பாடியிருக்கிறார். நகருக்குள் இன்று அந்தக் கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன, நீரும் கறுத்துக் கிடக்கிறது. அதை எண்ணும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

ஆனால் தெற்கே கால்வாய் இன்னும் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்து கோவளம் கழிமுகத்தில் கலந்து, மறுபுறம் மாமல்லபுரம் நோக்கிச் செல்கிறது. மாமனாரைப் பௌர்ணமி அன்று முட்டுக்காட்டுக்கு அழைத்து வாருங்கள். மேற்கே சூரியன் இறங்கும் அதே வேளையையொட்டி, பின்னால் பாலத்துக்கு அப்பால், கடலிலிருந்து நிலா எழும்.